படுத்துத் திரும்பினால் வீடே சுற்றுகிறதா? மாத்திரை, தலையைத் திருப்பும் சிகிச்சை, ஸ்கேன்: எது யாருக்கு?

“போன தபா குடுத்தியே தம்பி, அந்தத் தலசுத்தல் மாத்திர, அதுல ரெண்டு அட்ட குடு.”

எம்.சி. ரோடு ஜவுளிக் கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா அவர். தண்டையார்பேட்டையில் நான் வைத்திருக்கும் மருந்துக் கடைக்கு நாலு மாதமாக வந்துகொண்டிருந்தார். பழைய சீட்டு ஒன்று, மடித்து மடித்து ஓரம் கிழிந்தது. நானும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கடையில் கூட்டம் இல்லை. “எப்பக்கா சுத்துது?” என்று கேட்டேன்.

“மேல் தட்டுப் பொடவைய எடுக்க அண்ணாந்து பாத்தா சுத்தும். ராத்திரி வலது பக்கம் ஒருக்களிச்சாலும் அப்டித்தான். வூடே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு நின்னுடும். ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள உயிர் போய்டும் போ.”

நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் சொன்னது உள்காதில் கல் நகர்ந்தவர்கள் சொல்லும் அடையாளம். மாத்திரை அந்தக் கல்லைத் தொடக்கூட முடியாது.

கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று வாரத்துக்கு நாலைந்து முறையாவது நான் கேட்கிற குழப்பம் இது. மாத்திரையே போதுமா? காது டாக்டரிடம் போக வேண்டுமா? ‘மூளையில் ஏதாவது இருக்குமோ’ என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? யூடியூபில் தலையைத் திருப்பச் சொல்கிறார்களே, அதை வீட்டிலேயே செய்யலாமா? சும்மா விட்டால் தானாகப் போய்விடாதா? ஐந்துக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரே ஆளுக்கு இல்லை.

முதலில், எந்தச் சுற்றல்?

நம் ஊரில் ‘தலை சுத்துது’ என்றால் மூன்று வெவ்வேறு சங்கதி. வெயிலில் நின்று பசியோடு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது ஒன்று. அதை மயக்கம் என்றும் சொல்வோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை பக்கம் பார்க்க வேண்டியது அது. தலை லேசாக, கால் தரையில் பாவாத மாதிரி நாள் முழுக்க இருக்கும் கிறுகிறுப்பு இரண்டாவது. மூன்றாவதுதான் அசல் சுற்றல். சுவர், ஃபேன், பீரோ எல்லாம் ஒரு பக்கமாக ஓடும். கட்டிலைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகைக்கு, அதிலும் தலையை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றலுக்கு. டாக்டர்கள் இதை பி.பி.பி.வி. (பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ) என்று எழுதுவார்கள். உள்காதிலிருந்து வரும் சுற்றல்களில் மிகப் பரவலானது இதுதான். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதலாக வருகிறது.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் ஒன்று. சுற்றலோடு பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, இதுவரை வராத தலைவலி இருந்தாலோ, பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டாலோ மேலே படிக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போதும் மணிக்கணக்கில் விடாமல் சுற்றினாலும் அப்படியே. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்கட்டும் என்று காத்திருக்கிற நேரம் இல்லை அது.

காதுக்குள் கல் எங்கிருந்து வந்தது?

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் ஒவ்வொரு உள்காதிலும் அதுபோல் நீர் நிரம்பிய மூன்று வளைந்த குழாய்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன. தலை திரும்பினால் உள்ளே நீர் பின்தங்கும். அந்த அசைவை நரம்பு மூளைக்குச் சொல்லும். குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு பை. அதற்குள் பிசின் போன்ற ஒரு படலம், அதன்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். கோலப்பொடியாக அரைக்கும் சுண்ணாம்புக் கல்லின் அதே சரக்கு. ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். புவியீர்ப்பை உணர்வதற்காக இயற்கை வைத்த எடைக்கற்கள் இவை.

வயதாலோ தலையில் அடிபட்டோ, பல நேரம் காரணமே தெரியாமலோ இவற்றில் சில உதிர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாயில், ஏனென்றால் படுக்கும்போது அதுதான் பள்ளம். அப்புறம் நீங்கள் ஒருக்களிக்கும்போது கல் உருள்கிறது, நீரை இழுக்கிறது, நரம்பு ‘தலை வேகமாகச் சுழல்கிறது’ என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. கல் அடியில் போய்த் தங்கியதும் செய்தி நிற்கிறது. ஒரு நிமிடத்தில் அடங்குவதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு எழுபது ஆண்டு பிடித்தது. ராபர்ட் பாரானி என்ற வியன்னா மருத்துவர், காதுக்குள் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்து, சமநிலைப் புலன் உள்காதில் இருப்பதை விளக்கியவர். 1914க்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. படுத்தால் வரும் இந்தச் சுற்றலை 1921இல் விவரித்தவரும் அவர்தான். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையைத் திட்டமாக எழுதி வைத்தார்கள். கல்தான் காரணம் என்ற எண்ணம் 1969க்குப் பிறகு வலுத்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் எப்லி, ‘உருண்டு உள்ளே போனதை உருட்டியே வெளியே எடுக்கலாமே’ என்று 1980இல் மருத்துவர் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். அவருடைய கட்டுரை அச்சேறியது 1992இல்.

எதை வைத்து எடைபோடுவது?

விலையை முதலில் வைக்கவில்லை. கீழே உள்ள நான்கையும் நான் இந்த வரிசையில் பார்க்கிறேன்.

கல் இடம்பெயர்கிறதா, அல்லது சுற்றல் உணர்வு மட்டும் மழுங்குகிறதா? எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம்? தினக்கூலிக்காரருக்கும், கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும், விசைப்படகில் போகிறவருக்கும் மாத்திரை விலையைவிட இந்தக் கணக்குதான் பெரிது. பில்லில் வராத செலவு என்ன, அதாவது பக்கவிளைவு, அலைச்சல், கீழே விழும் ஆபத்து? கடைசியாக, வேறு நோய் ஒளிந்திருந்தால் இந்த வழியில் அது தெரியவருமா?

சும்மா விட்டுப் பார்ப்பது

இதுவும் ஒரு வழிதான். கல் கரைந்தோ தானாக வெளியே உருண்டோ போகலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, எப்லி சொன்ன உருட்டும் முறையைச் சோதித்த, 745 பேர் பங்கேற்ற 11 ஆய்வுகளைப் பார்த்தது. அதில் சுற்றல் முழுதாக நின்றதா என்று கணக்கிட்ட ஆய்வுகளில், உண்மையான சிகிச்சை பெறாதவர்களிலும் 21 சதவீதம் பேருக்கு நின்றிருந்தது.

மறைந்திருக்கும் செலவு, விழுவது. அறுபது வயது தாண்டியவர் இரவில் பாத்ரூம் போக எழும்போது சுற்றினால் இடுப்பெலும்புக்குக் கேடு. ஏணியில் ஏறும் பெயின்டர், சாரம் கட்டுபவர், படகின் விளிம்பில் நின்று வலை இழுப்பவர் ஆகியோருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். முன்பே ஒருமுறை வந்து என்னவென்று தெரிந்தவர், இளவயது, லேசான சுற்றல், ஒரு வாரம் வீட்டில் இருக்க முடியும் என்றால் விட்டுப் பார்க்கலாம்.

மாத்திரை

என் பிழைப்பு இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுற்றலுக்கென்று என் கடையில் போகும் மாத்திரைகள் பெரும்பாலும் மூன்று: பீட்டாஹிஸ்டின், புரோகுளோர்பெரசின், சின்னரிசின். பின்னவை இரண்டும் மூளைக்குப் போகும் சமநிலைச் செய்தியையும் வாந்தி உணர்வையும் தணிப்பவை. கல் இருந்த இடத்திலேயே இருக்கும், மணி மட்டும் மெதுவாக அடிக்கும். அதுவும் ஒரு நிமிடத்தில் தானாக அடங்கும் சுற்றலுக்கு, விழுங்கி அரைமணி கழித்து வேலை செய்யும் மாத்திரை எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

பீட்டாஹிஸ்டின் உள்காதின் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்ற எண்ணத்தில், முக்கியமாக மெனியர் நோய்க்கு (காது அடைத்து மணிக்கணக்கில் சுற்றும் வேறொரு உள்காது நோய், பின்னால் சொல்கிறேன்) தரப்படுவது. அந்த நோய்க்கே அதன் பலன் உறுதியாகவில்லை. ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளுக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. குறைந்த அளவு, அதிக அளவு, வெறும் பொய் மாத்திரை என மூன்று குழுக்கள். மூன்றிலும் சுற்றல் குறைந்தது, ஒரே மாதிரி குறைந்தது. கல் நகர்ந்த சுற்றலுக்கு அதை மாதக்கணக்கில் தின்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். புரோகுளோர்பெரசினும் சின்னரிசினும் மூளையில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கக்கூடியவை. வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் உணர்ச்சியில்லாமல் போகும். பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். ஒரு ஆயாவுக்கு இப்படி நடுக்கம் வந்து, நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதப்பட்டு, இரண்டையும் நானே ஒரே கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிறகு வேறொரு டாக்டர் முதல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதை ஆயா விட்டுவிட்டார். இளம்வயதுக்காரர்களுக்கு புரோகுளோர்பெரசினின் முதல் சில வேளையிலேயே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு. தூக்கக் கலக்கத்தை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. டூவீலர் ஓட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. உள்காது பழுதானால் மூளை மெல்ல மெல்ல அதற்கு ஈடுகட்டப் பழகும். சமநிலைச் செய்தியையே மழுங்கடித்தால் பழகுவதும் தள்ளிப்போகும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2008இல் எழுதி 2017இல் புதுப்பித்த வழிகாட்டி, இந்த வகைச் சுற்றலுக்கு இவ்வகை மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

மாத்திரைக்கு இடமே இல்லையா? உண்டு. தலையைத் திருப்பும் சிகிச்சை செய்யும்போது குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுப்பவருக்கு, அதற்கு முன் ஒரு வேளை. சமநிலை நரம்பு வீங்கி நாள்கணக்கில் விடாமல் சுற்றுபவருக்கு முதல் இரண்டு மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டரிடம் போய்க் கேட்டு வாங்குங்கள், பழைய சீட்டோடு என்னிடம் வராதீர்கள்.

டாக்டர் கையால் தலையைத் திருப்புவது

அந்த அக்காவோடு அவர் மகளால் போக முடியாததால் நான் போனேன். அதனால் கிட்டேயிருந்து பார்த்தேன்.

காது டாக்டர் அவரை மேசையில் நீட்டி உட்கார வைத்தார். முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பச் சொன்னார். பின் ஒரே மூச்சில் மல்லாத்தினார், தலை மேசை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்க. “கண்ண மூடாதீங்கம்மா, எதாவது ஆச்சுன்னா என் கையப் புடிச்சுக்குங்க.” நாலைந்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அக்காவின் கருவிழிகள் இரண்டும் மேல்நோக்கி வெட்டி வெட்டி இழுத்தன, கூடவே பம்பரம் சாய்ந்து ஆடுவதுபோல் சுழன்றன. அக்கா “ஐயோ, முருகா” என்று கத்தினார். இருபது விநாடிதான் இருக்கும், கண் நின்றது. “வலது காது, பின்பக்கக் குழாய்” என்றார் டாக்டர். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதைக் கண்ணின் துடிப்பே சொல்லிவிடுகிறது.

அங்கிருந்தே சிகிச்சையும் தொடங்கியது. தலையைத் தொங்கிய நிலையிலேயே இடப்பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு உடம்பையும் இடப்பக்கம் உருட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து, இன்னொரு நிமிடம். பின்பு எழுப்பி உட்கார வைத்தார். அவ்வளவுதான் எப்லி முறை. குழாயின் வளைவோடு கல்லை உருட்டிக்கொண்டே வந்து பைக்குள் கொட்டிவிடுவது. ஐந்து நிமிடம் ஆகவில்லை. பத்து நிமிடம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார், கண் அசையவில்லை.

எல்லோருக்கும் ஒரே தடவையில் இப்படிப் போய்விடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பில் எப்லி செய்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு முழுதாக நின்றது, செய்யாதவர்களில் 21. மீதிப் பேருக்கு இரண்டாவது, மூன்றாவது முறை செய்ய வேண்டி வரலாம். கல் பக்கவாட்டுக் குழாயில் இருந்தால் எப்லி வேலை செய்யாது, அதற்கு வேறு உருட்டல். குழாய் எது என்று பார்க்காமல் திருப்புவது பூட்டைப் பார்க்காமல் சாவியைத் திருப்புவது.

செலவு என்று பார்த்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் இல்லை, காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஒருவேளைக் கூலி போகும், கூட ஒரு ஆள் வர வேண்டும், அதுதான் செலவு. தனியாரிடம் போனால் கன்சல்டேஷன் கட்டணம். சில இடங்களில் கண்ணாடி போன்ற கருவி மாட்டிக் கண் துடிப்பை வீடியோவில் பதிவு செய்வார்கள். கண் துடிப்பு வெறும் கண்ணுக்குப் பிடிபடாத சிக்கலான ஆளுக்கு அது உதவும். டாக்டர் நேரிலேயே தெளிவாகப் பார்த்துவிட்டால் அந்தக் கூடுதல் செலவு அவசியமில்லை. முடிந்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்ற பழைய பத்தியமும் தேவையில்லை என்கிறது அந்த 2017 வழிகாட்டி.

கழுத்தெலும்புத் தேய்மானம் கடுமையாக இருப்பவர், கழுத்தில் அறுவை செய்தவர், விழித்திரை பிரிந்தவர், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் தலையைத் தொங்கவிடாத மாற்று முறைகள் உண்டு.

வீட்டிலேயே செய்வது

இதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஜெர்மனியில் 1999இல் வந்த ஆய்வு ஒன்றில், எப்லியை வீட்டில் தாங்களே செய்துகொண்ட 28 பேரில் 18 பேருக்கு ஒரே வாரத்தில் சுற்றல் நின்றது. பிரான்ட், டாரோஃப் இருவரும் 1980இல் சொன்ன ‘கட்டிலில் உட்கார்ந்து இடமும் வலமும் சாய்கிற’ பழைய பயிற்சியைச் செய்த 26 பேரில் 6 பேருக்குத்தான் நின்றது. இன்றும் பல இடங்களில் அந்தப் பழைய பயிற்சியின் படத்தைத்தான் ஜெராக்ஸ் போட்டுத் தருகிறார்கள்.

கட்டில் வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து வீட்டில் தரையில் பாய் விரித்து, மல்லாந்தால் தோள்பட்டைக்கு அடியில் வருகிற மாதிரி ஒரு தலையணை வைத்தால் தலை தானாகப் பின்னுக்குச் சாயும். கூட ஒருவர் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பக்கெட்டும். ஒவ்வொரு நிலையிலும் சுற்றல் அடங்கி அரை நிமிடமாவது போன பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் கல் பாதி வழியில் திரும்பிவிடும்.

ஆனால் எந்தக் காது என்று தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கம் ஒருக்களித்தால்தான் சுற்றுகிறது என்றால் வலது காது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம், அது தவறவும் செய்யும். முதல்முறை டாக்டர் பார்த்து உறுதி செய்தபின், இரண்டாவது முறை அதே மாதிரி வந்தால் வீட்டில் செய்யலாம் என்பது என் கட்சி. முதல்முறையே யூடியூபைப் பார்த்துச் செய்தால், மூளையிலிருந்து வரும் சுற்றலைக் கல் என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கும் வாய்ப்பு இருக்கிறது. தனியாக வசிக்கும் முதியவருக்கு இந்த வழி சரிவராது.

ஸ்கேன்

‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா நிம்மதி’ என்பது நம்மிடம் ஊறிப்போனது. அந்தக் கல் எந்த ஸ்கேனிலும் தெரியாது, அவ்வளவு சிறிசு. எம்.ஆர்.ஐ. பல ஆயிரம் ரூபாய். வயதானவர் யாருக்கும் மூளையில் ஏதோ ஒரு வயதுச் சுவடு தெரியத்தான் செய்யும். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நரம்பு டாக்டர் வீட்டு வாசலில் இன்னும் இரண்டு மாதம் போகும். கல் அதே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். விடாமல் சுற்றுகிற ஆளுக்கு, அதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவருக்குப் பக்கவாதச் சந்தேகம் உண்டு. அங்கே ஸ்கேன் கட்டாயம் தேவைப்படலாம். அப்போதும் சி.டி. எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகிவிடக் கூடாது, மூளையின் பின்பகுதிப் பக்கவாதத்தை சி.டி. எளிதில் தவறவிடும். 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், விடாத சுற்றலோடு வந்த, பக்கவாத ஆபத்து உள்ள 101 பேரைப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் படுக்கை ஓரத்தில் கண்ணசைவை மூன்று விதமாகப் பார்த்ததில் பக்கவாதம் ஒன்றும் தப்பவில்லை. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. 12 சதவீதப் பக்கவாதத்தைத் தவறவிட்டிருந்தது.

அதனால்தான் எனக்குத் தெரிந்தவர்கள் டாக்டரிடம் போய்விட்டு வந்தால் ‘என்ன எழுதிக் கொடுத்தார்’ என்பதற்கு முன் ‘படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தாரா’ என்று கேட்கிறேன். பார்க்கவில்லை என்றால், மாத்திரையும் சரி ஸ்கேனும் சரி, ஊகத்தில் எழுதியதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே பார்வையில்

| வழி | கல் நகருமா | எவ்வளவு நாள் | பில்லில் வராத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சும்மா விடுவது | தானாக நகர்ந்தால் உண்டு | சில வாரம், மாதம் | விழும் ஆபத்து, வேலை இழப்பு | முன்பே வந்து தெரிந்தவர், லேசான சுற்றல் |
| மாத்திரை | நகராது | முடிவே இல்லை | நடுக்கம், தூக்கம், மூளை பழகத் தாமதம் | கடும் வாந்தி. நாள்கணக்கில் சுற்றும் முதல் சில நாள் |
| டாக்டர் செய்யும் எப்லி | நகரும் | ஒன்றிரண்டு முறை | அரைநாள் கூலி, துணைக்கு ஆள் | முதல்முறை வந்த அனைவருக்கும் |
| வீட்டு எப்லி | சரியான காதென்றால் நகரும் | சில நாள் முதல் ஒரு வாரம் | தவறான ஊகம் | திரும்ப வந்தவர், துணை உள்ளவர் |
| ஸ்கேன் | நகராது | – | தேவையற்ற பயம், தொடர் அலைச்சல் | விடாத சுற்றல், ஆபத்து அறிகுறிகள் |

காது அடைத்து, இரைந்து, மணிக்கணக்கில் சுற்றினால்

இது வேறு கதை. ஒரு காது அடைத்தமாதிரி இருக்கும், உள்ளே கடல் இரைச்சல் கேட்கும், கேட்கும் திறன் குறைந்து திரும்பவும் வரும், சுற்றல் இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பேர் மெனியர் இந்தச் சுற்றல் மூளையிலிருந்து அல்ல, உள்காதிலிருந்து வருகிறது என்று சொன்னதால் அவர் பெயரில் இது மெனியர் நோய். அதில் கல்லை உருட்டிப் பயனில்லை. கேட்கும் திறன் சோதனை முதலில் எடுக்க வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். காசிமேட்டுக்காரரிடம் கருவாட்டைக் குறை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னவருக்குத்தான் தெரியும். அப்பளம், ஊறுகாய், கடை மிக்சர் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வீட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு அவற்றை விட்டால் பிரயோஜனமில்லை.

திரும்ப வருமா?

வரும். ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருவதாகக் கணக்கு. இங்கே ஒரு பயனுள்ள ஆய்வு இருக்கிறது. கொரியாவில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்களை எடுத்து, வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் தினம் இருவேளை ஒரு வருடம் கொடுத்தார்கள். திரும்ப வருவது 24 சதவீதம் குறைந்தது, 2020இல் முடிவு வெளியானது. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போய் இரவு பத்துக்கு வெளியே வருகிற ஜவுளிக் கடைப் பெண்களுக்கு வெயில் எங்கே படுகிறது? ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் வாரம் ஒன்று என்று எழுதிய அறுபதாயிரம் யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு வியாதி வரும், எழுதினபடி சாப்பிடுங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது

டாக்டரின் நேரம் குறைவு. ‘தலை சுத்துது’ என்ற இரண்டு சொல்லோடு போனால் மாத்திரைதான் வரும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: என்ன செய்தால் சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால், எத்தனை விநாடி, காது கேட்பதில் மாற்றம் உண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என்ன. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள், போகும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

எட்டு மாதம் கழித்து அந்த அக்கா கடை வாசலில் வந்து நின்றார், கையில் காலண்டர் பேப்பரைக் கிழித்து எழுதின சீட்டு. “இந்த தபா எடது பக்கம் தம்பி. எண்ணிப் பாத்தேன், பதினெட்டு வரைக்கும் எண்றதுக்குள்ள நின்னுடுது.”

மாத்திரை அட்டையை எடுக்கக் கை போனது, பழக்க தோஷம். “அது இன்னாத்துக்கு? நூறு ரூபாய்க்குச் சில்லற இருந்தா குடு, ஷேர் ஆட்டோக்காரன் காலங்காத்தால கத்துவான்.”